பயிற்றுநராகப் போகலாம், ராஜினாமா இப்போது வேண்டாம்

திருவண்ணாமலை மாவட்டத்து ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றிலிருந்து கணிதப் பட்டதாரி ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். தமிழ்நாட்டில் முதன்முதலாக ஆசிரியர் தகுதித் தேர்வு நடந்த 2012ஆம் ஆண்டிலேயே தேறி, அந்த ஆண்டின் இறுதியில் பணியில் சேர்ந்தவர். வயது 39. அவருடைய பள்ளியில் ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை 54 பிள்ளைகள், அவர்களுக்கு இரண்டே ஆசிரியர்கள். ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வகுத்தல் வராததைப் பார்த்து, மதிய உணவுக்குப் பின் அரை மணி நேரம் வகுப்பு பேதம் பார்க்காமல் அவரவர் நிலைக்கேற்பக் குழு பிரித்துக் கணக்கு சொல்லிக் கொடுத்திருக்கிறார். பலன் தெரிந்தது. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் வந்து பார்த்தார்கள். வட்டாரப் பயிற்சிகளில் மற்ற ஆசிரியர்களுக்குச் சொல்லித்தரும் கருத்தாளராக அழைத்தார்கள். இப்போது இரண்டு அழைப்புகள் சேர்ந்து வந்திருக்கின்றன. வட்டாரப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்குத் துணைநிற்கும் அரசு அமைப்பான வட்டார வள மையத்துக்கு, மாற்றுப் பணியில் ஆசிரியர் பயிற்றுநராக வரச் சொல்கிறார்கள். சென்னையில் ஓர் அறக்கட்டளை, வேலையை விட்டுவிட்டு வந்தால் ஆசிரியர் பயிற்சியும் கொள்கை முன்னெடுப்பும் பார்க்கும் பொறுப்பை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் தருவதாகச் சொல்கிறது. “பள்ளியிலேயே இருந்தால் ஆண்டுக்கு நாற்பது பிள்ளைகள், வெளியே வந்தால் நாற்பதாயிரம் பிள்ளைகள் என்கிறார்கள். எனக்கு எது சரி, ஐயா?” என்று கேட்கிறார்.

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு, வணக்கம்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். வட்டார வள மையப் பணியைச் சில நிபந்தனைகளோடு ஏற்றுக்கொள்ளுங்கள். சென்னை வேலைக்காக இப்போது ராஜினாமா செய்யாதீர்கள். கொள்கை வேலையைத் தொடங்க அந்த அலுவலகம் தேவையில்லை. 54 பிள்ளைகள், ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள் என்று நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுவே ஒரு முழுமையான கொள்கைப் பிரச்சினை. அதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

நாற்பதாயிரம் என்ற கணக்கை நம்பாதீர்கள். ஒரு சுற்றறிக்கை நாற்பதாயிரம் பிள்ளைகளின் வகுப்பறைக்குப் போய்ச் சேரலாம். அந்தப் பிள்ளைகளில் ஒருவருக்காவது வகுத்தல் வந்ததா என்பது வேறு கேள்வி. உங்கள் நாற்பது பேரில் எத்தனை பேருக்கு வந்தது என்பதை உங்களால் பெயர் சொல்லிக் கூற முடியும். நம் கல்வித்துறையில், நன்றாகப் பாடம் நடத்துகிறவர் ஒருவரைக் கண்டால் உடனே அவரை வகுப்பிலிருந்து எடுத்துவிடுகிற பழக்கம் வேரூன்றியிருக்கிறது. கற்பிப்பது கீழ்ப்படி, பயிற்சி தருவது நடுப்படி, கொள்கை பேசுவது மேல்படி என்று ஒரு வரிசை எல்லோர் மனத்திலும் பதிந்துவிட்டது. அதில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை. மூன்றும் தனித்தனித் தொழில்கள். ஒன்றில் கைதேர்ந்தவர் இன்னொன்றில் புதியவராகத்தான் நுழைகிறார். நீங்களும் அப்படித்தான் நுழையப்போகிறீர்கள் என்பதால் பயிற்றுநர் வேலையைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

கருத்தாளராகப் பயிற்சி கொடுத்த அனுபவம் உங்களுக்கு உண்டு. ஐம்பது ஆசிரியர்களுக்கு முன்னால் நின்று செய்து காட்டுவீர்கள், அவர்கள் கைதட்டுவார்கள், தேநீர் வரும், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார்கள். அடுத்த திங்கட்கிழமை அவர்களுடைய வகுப்பில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. பயிற்றுநரின் உண்மையான வேலை அந்தத் திங்கட்கிழமையில்தான் இருக்கிறது. புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற அமெரிக்கக் கல்வியாளர்கள் இருவர் 1980களிலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். கோட்பாட்டைச் சொல்லி, செய்து காட்டி, பயிற்சிக் கூடத்திலேயே செய்யவும் வைத்தால்கூட, வகுப்பறையில் பக்கத்தில் இருந்து துணை செய்ய ஆள் இல்லாவிட்டால் கற்றதில் பெரும்பகுதி வகுப்புக்கு வந்து சேருவதில்லை என்றார்கள்.

நமக்கு நெருக்கமான சான்று தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. அங்கே வடமேற்கு மாகாணத்தில், செட்ஸ்வானா மொழி வழியில் படிக்கும் ஏழைக் குழந்தைகளின் பள்ளிகளில் 2015இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். ஒரு தொகுதிப் பள்ளிகளின் ஆசிரியர்களை ஓரிடத்தில் கூட்டி வழக்கமான முறையில் பயிற்சி கொடுத்தார்கள். இன்னொரு தொகுதிக்கு, அதே பாடத்திட்டக் குறிப்புகளோடு, பள்ளிக்கே வந்து வகுப்பில் உட்கார்ந்து உதவும் பயிற்றுநர்களை அனுப்பினார்கள். இரண்டாண்டு முடிவில் வாசிப்பில் தெரிந்த முன்னேற்றம், பயிற்றுநர் வந்த பள்ளிகளில் ஏறக்குறைய இரு மடங்கு. செலவும் கூடுதல்தான். ஆனாலும் பணம் எங்கே பிள்ளைக்குப் போய்ச் சேருகிறது என்ற கேள்விக்கு அது தெளிவான விடை.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2018இல் மேத்யூ கிராஃப்டும் அவருடைய சகாக்களும் பயிற்றுநர் முறை பற்றிய அறுபது ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கற்பித்தலும் கற்றலும் இரண்டுமே மேம்பட்டிருந்தன. ஆனால் திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பலன் குறைந்துகொண்டே போயிற்று. நூறு ஆசிரியர்களைச் சுற்றிச் செய்தது நன்றாக இருந்தது, ஆயிரக்கணக்கில் விரித்தபோது நீர்த்துவிட்டது.

தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு இதை ஆய்வறிக்கை வந்து சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் நினைவிருக்கும். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளிக்குப் போய் இந்த முறையைப் பார்த்து, திரும்பி வந்து, தங்கள் கையாலேயே அட்டைகள் எழுதினார்கள். கற்றல் ஏணி, சின்னங்கள், தரையோடு ஒட்டிய கரும்பலகை, பாயில் வட்டமாக உட்கார்ந்த பிள்ளைகள் எனப் பார்க்கவே புதிதாக இருந்தது. அட்டையை எழுதியவருக்கே அது ஏன் அந்த இடத்தில் வருகிறது என்பது தெரிந்திருந்தது. சில ஆண்டுகளில் அது மாநிலம் முழுவதற்கும் போனது. அட்டைகள் எல்லாப் பள்ளிக்கும் போய்ச் சேர்ந்தன. அந்த ‘ஏன்’ எல்லாப் பள்ளிக்கும் போய்ச் சேரவில்லை என்பது என் கணிப்பு. அதைக் கொண்டு சேர்த்திருக்க வேண்டியவர் வட்டாரத்தில் இருந்த பயிற்றுநர். அவரோ புள்ளிவிவரம் சேகரிப்பதிலும் அட்டைகள் வந்துவிட்டனவா என்று சரிபார்ப்பதிலும் இருந்தார்.

உங்களுக்கும் இதே ஆபத்து உண்டு. தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்த பிறகு அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிப்பது அதிகாரபூர்வமாகிவிட்டது. நீங்கள் மதிய வேளையில் செய்ததற்கு அது மிக நெருங்கியது. ஆகவே பார்வையிடப் போகிற பயிற்றுநரின் கையில் ஒரு செயலி இருக்கும், அதில் உற்றுநோக்கல் படிவம் இருக்கும், ஆம், இல்லை என்று குறிக்கக் கட்டங்கள் இருக்கும். படிவத்தை நிரப்பத்தான் வேண்டும். ஆனால் அதை நிரப்பிவிட்டு வண்டியைக் கிளப்பினால் நீங்கள் ஆய்வாளர். பயிற்றுநர் செய்ய வேண்டியது அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். ஒருமுறை ஓர் ஆறாம் வகுப்பில் பின்னம் நடந்ததைப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். ஆசிரியர் சுறுசுறுப்பானவர். எட்டில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கு, எது பெரியது என்று கேட்டார். முன்வரிசைப் பையன் ஒருவன் எட்டில் ஒன்றுதான் பெரியது என்றான். “தவறு, வேறு யார்?” என்றார் அவர். இன்னொரு பெண் சரியாகச் சொன்னாள். “புரிந்ததா?” என்றார். “புரிந்தது டீச்சர்” என்று வகுப்பே முழங்கியது. படிவத்தின்படி பார்த்தால் எல்லாக் கட்டத்திலும் ‘ஆம்’ போடலாம்: கேள்வி கேட்டார், மாணவர் பங்கேற்றனர், விடை வந்தது. நான் தாளில் இருக்கை வரிசையை வரைந்துகொண்டு, பேசிய ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோடு போட்டிருந்தேன். கோடுகள் எல்லாம் முதல் இரண்டு வரிசையில் இருந்தன.

வகுப்பு முடிந்ததும் அந்தத் தாளை அவர் முன் வைத்தேன். நன்று என்றும் சொல்லவில்லை, குறை என்றும் சொல்லவில்லை. அவரே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “பின்னால் இருக்கிறவர்களை நான் கூப்பிடவே இல்லையே” என்றார். அடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: “அந்தப் பையன் ஏன் எட்டில் ஒன்று பெரியது என்று நினைத்திருப்பான்?” எட்டு நான்கைவிடப் பெரியது என்பதால்தான் என்று அவரே சொல்லி, மறுநாள் தாளை மடித்துக் காட்டிப் பின்வரிசையிலிருந்து தொடங்குவதாகத் திட்டமிட்டார். ஒரு சந்திப்பில் ஒரு விஷயம். அதுவும் அவர் கண்ணில் பட்ட விஷயம். அடுத்த வருகையில் அதை மட்டும் பார்த்தால் போதும். நீங்கள் நல்ல கணித ஆசிரியை என்பதால், சுண்ணக்கட்டியை வாங்கி நீங்களே நடத்திக் காட்டிவிட வேண்டும் என்று கை துடிக்கும். அவர் கேட்டால் மட்டும் செய்யுங்கள். உங்களைவிட மூத்தவரை, பணிமூப்பில் பதினைந்து ஆண்டு முந்தியவரை, எதிரே உட்காரவைத்து நீங்கள் பேச வேண்டியிருக்கும் என்பதையும் மறவாதீர்கள். முதல் சில வருகைகள் அவருடைய நம்பிக்கையைப் பெறவே சரியாகப் போய்விடும். அங்கே பார்த்ததை மேலதிகாரிக்குக் கோள் சொல்வது போல் ஒரு முறை சொல்லிவிட்டால் அந்தப் பள்ளியில் உங்கள் வேலை அத்தோடு முடிந்தது.

இனி நிபந்தனைகள். பணியேற்கும் முன் வட்டாரக் கல்வி அலுவலரிடமும் வள மையப் பொறுப்பாளரிடமும் நேரடியாகப் பேசுங்கள். எல்லாப் பள்ளிகளையும் மாதம் ஒருமுறை தொட்டுவிட்டு வருவதற்குப் பதில், ஒரு குறுவள மையத்துக்கு (அருகருகே உள்ள பள்ளிகளின் தொகுப்புக்கு) உட்பட்ட சில பள்ளிகளுக்கு அடுத்தடுத்துப் போக அனுமதி கேளுங்கள். முழுவதும் கிடைக்காது. கேட்டதில் பாதி கிடைத்தாலும் நல்லதே. இரண்டாவது, வாரத்தில் ஓரிரு பாடவேளையாவது ஏதேனும் ஒரு பள்ளியில் நீங்களே பாடம் நடத்துங்கள். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். வகுப்பை விட்டு விலகிய பயிற்றுநரை ஆசிரியர்கள் மிக விரைவில் அடையாளம் கண்டுகொள்வார்கள். மூன்றாவது, பள்ளிக்குத் திரும்ப வர வழி என்ன, உங்கள் பணியிடம் யாரால் நிரப்பப்படும், மாறுதல் கலந்தாய்வில் உங்கள் முன்னுரிமை என்ன ஆகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். நீங்கள் போவதால் அந்தப் பள்ளியின் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குக் கணித ஆசிரியர் இல்லாமல் போகும் என்றால், மாற்று ஆள் வரும்வரை போகாதீர்கள். உங்கள் மதிய அரை மணி நேரத்தை எடுத்து நடத்த இன்னொரு ஆசிரியரை இப்போதே கூட நிறுத்திப் பழக்குங்கள். அவரே உங்கள் பயிற்சியில் உருவாகும் முதல் ஆசிரியராக இருக்கட்டும்.

கொள்கைக்கு வருகிறேன். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, தொடக்க நிலையில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூன்று. பிள்ளைகளின் தலையை எண்ணித்தான் கணக்கு. வகுப்புகளின் எண்ணிக்கைக்கு அந்த அட்டவணையில் இடமில்லை. அதனால் 54 பிள்ளைகள் ஐந்து வகுப்புகளில் இருந்தாலும் இரண்டு ஆசிரியர் போதும் என்றாகிவிடுகிறது. உங்கள் பள்ளியில் சட்ட மீறல் எதுவும் இல்லை. சட்டத்தின் குறைந்தபட்ச அளவே அங்கே பிரச்சினை. ஆறாம் வகுப்பில் வகுத்தல் தெரியாமல் வந்து நிற்கும் பிள்ளைக்கும் இந்த அட்டவணைக்கும் இருக்கும் தொடர்பை உங்களைப் போல் நேரில் பார்த்தவர்கள் கோட்டையில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். மாநில அரசு இந்தக் குறைந்தபட்சத்துக்கு மேல் தருவதற்குச் சட்டத்தில் தடையேதும் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1 நிலவரப்படி, எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று பணியாளர் நிர்ணயம் செய்கிறார்களே, அந்தக் கணக்கீட்டு முறைதான் நீங்கள் கை வைக்க வேண்டிய இடம்.

உங்கள் வட்டாரத்தில் ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர் உள்ள பள்ளிகள் எத்தனை என்று பாருங்கள். பள்ளிவாரி மாணவர், ஆசிரியர் எண்ணிக்கை, நாட்டின் பள்ளிகள் பற்றிய அரசுப் புள்ளிவிவரத் தொகுப்பான யுடைஸ் தரவில் பொதுவெளியிலேயே கிடைக்கிறது. கிடைக்காததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். பிறகு குறிப்பான ஒரு கோரிக்கையை வையுங்கள். ‘கல்வித் தரம் உயர வேண்டும்’ என்பது யாரும் மறுக்காத வாக்கியம், ஆகவே யாரும் நிறைவேற்றத் தேவையில்லாத வாக்கியம். ‘ஐந்து வகுப்பும் இயங்கும் பள்ளியில் 45 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் மூன்றாவது ஆசிரியர்’ என்பது ஆம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்லியே ஆக வேண்டிய கோரிக்கை. எத்தனை பணியிடம், ஆண்டுச் செலவு எவ்வளவு என்பதையும் நீங்களே போட்டுக் கொடுங்கள். நிதித்துறை முதலில் கேட்பது அதைத்தான். முழுவதும் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும்.

வகுப்பறையிலிருந்து எழும் வாதத்துக்கு வலிமை உண்டு என்பதை 2019, 2020இல் கண்ணால் பார்த்தோம். ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று 2019 செப்டம்பரில் அரசு அறிவித்தது. ஆசிரியர்களும் பெற்றோரும் கல்வியாளர்களும் விடாமல் எதிர்த்தார்கள். பத்து வயதுப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு என்றால் யார் பள்ளியை விட்டு நிற்பார்கள் என்பதைப் பிள்ளைகளைத் தெரிந்தவர்கள் எடுத்துச் சொன்னார்கள். 2020 பிப்ரவரியில் அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. கோவை பீளமேட்டில் சர்வஜன மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த எஸ்.எஸ். இராஜகோபாலன் தாய்மொழி வழிக் கல்விக்கும் பொதுப்பள்ளிக்கும் பல பத்தாண்டுகள் வாதாடியபோது எல்லோரும் காது கொடுத்துக் கேட்டதற்கு, அவர் பள்ளியை உள்ளிருந்து அறிந்தவர் என்பதே பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

நீங்கள் அரசு ஊழியர் என்பதால் ஓர் எச்சரிக்கை. 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் உங்களைக் கட்டுப்படுத்தும். அரசின் கொள்கையைப் பத்திரிகையிலோ மேடையிலோ விமரிசித்தால் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வரும். புனைபெயரில் எழுதித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். பிடிபட்டால் உங்கள் கோரிக்கையின் நியாயமும் சேர்ந்து போகும். முறையான வழிகள் பல இருக்கின்றன. உரிய வழியாக இயக்குநருக்குக் கருத்துரு அனுப்பலாம். ஆசிரியர் சங்கம் மூலம் முன்வைக்கலாம். அரசே கருத்துக் கேட்கும்போது எழுதலாம். மாநிலக் கல்விக் கொள்கைக்காக 2022இல் அமைந்த நீதியரசர் முருகேசன் குழு அப்படி மக்களிடம் கேட்டது. பள்ளிக் கல்விக்கான கொள்கை 2025 ஆகஸ்டில் வெளியானது. எல்லாவற்றையும்விட, பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். மூன்றாவது ஆசிரியர் வேண்டும் என்று அந்தத் தாய்மார்கள் தீர்மானம் போட்டு, கிராம சபையிலும் அதை எழுப்பினால், உங்கள் ஒரு பக்கக் குறிப்புக்குப் பின்னால் ஓர் ஊர் நிற்கும். பிள்ளைகளின் பெயர், படம், விடைத்தாள் எதையும் எந்தக் குறிப்பிலும் சேர்க்காதீர்கள்.

சென்னை அழைப்பை நான் தாழ்வாகப் பேசவில்லை. அப்படிப்பட்ட அமைப்புகளில் அக்கறையோடு உழைக்கும் பலரை எனக்குத் தெரியும். ஆனால் உங்களுக்கு இன்னும் 20 ஆண்டு பணி முடியவில்லை, 50 வயதும் ஆகவில்லை, ஆகவே விருப்ப ஓய்வுக்கு வழியில்லை. போனால் ராஜினாமாதான். திரும்பி வர நினைத்தால் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தேர்வைப் புதிதாக எழுதி, புதியவராகத்தான் வர வேண்டும். மூன்றாண்டு ஒப்பந்தத்துக்காக அதைக் கொடுப்பது மிக அதிக விலை. கணவரின் வேலை உள்ளூரில், மகன் எட்டாம் வகுப்பு என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதை நீங்கள் வீட்டில் பேசி முடிவு செய்ய வேண்டியது. நான் சொல்ல ஒன்றுமில்லை.

அந்த அமைப்புக்கு மறுப்பு எழுதும்போது கதவைச் சாத்திவிட வேண்டாம். அவர்களிடம் நிதி எங்கிருந்து வருகிறது, எத்தனை ஆண்டுக்கு உறுதி, எந்தக் கொள்கைக் கோரிக்கையை வைத்திருக்கிறார்கள், அதை முடிவு செய்தபோது எத்தனை ஆசிரியர்களைக் கேட்டார்கள் என்று விசாரியுங்கள். தெளிவான பதில் வந்தால், உரிய அனுமதி பெற்று, ஊதியம் இல்லாமல், விடுமுறை நாட்களில் அவர்களுடைய பயிற்சிப் பொருள்களைப் படித்துக் கருத்துச் சொல்லலாம். அந்தப் பழக்கத்தில் அவர்கள் வேலையின் தரம் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

பயிற்றுநர் பணியில் இரண்டு கல்வியாண்டுகள் இருங்கள். அதற்குள் ஆசிரியர்களின் வகுப்பில் உட்கார்ந்து எழுதிய குறிப்பேடு ஒன்றும், மூன்றாவது ஆசிரியர் பற்றிய ஒரு பக்கக் குறிப்பும் உங்கள் கையில் இருக்க வேண்டும். குறிப்பின் முதல் வரைவை எனக்கு அனுப்புங்கள், திருத்திக் கொடுக்கிறேன். இந்த ஆண்டின் பணியாளர் நிர்ணயத்துக்கு முன்னால் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம் வட்டாரக் கல்வி அலுவலர் அலுவலகத்துக்குப் போய், ஒப்புகைச் சீட்டும் வாங்கியிருக்க வேண்டும். அதற்கு நாள் அதிகமில்லை, வருகிற குழுக் கூட்டத்திலேயே தொடங்குங்கள்.